விற்றவர் மறந்த வாசல்

புத்தளத்திலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருவீதியிலே மதுரங்குளிச் சந்தியை அறியாதார் இலர். அச்சந்தியைச் சுற்றிக் கிடக்கும் ஊர்களுள் ஒன்று கனமூலை. தென்னந் தோப்பும் களப்புக் காற்றும் உப்பேறிய மணலும் சேர்ந்து வளர்த்த ஊர் அது. அவ்வூரிலே சிறிய அச்சகம் ஒன்று உண்டு. முன்பக்கம் போட்டோப் பிரதி எடுக்கும் இடம். பின்பக்கம் நான்கு கணினிகளும் இரண்டு அச்சு இயந்திரங்களும். விருதோடை, கடையாமோட்டை முதலிய அயலூர் மக்களும் அதன் வாசலை மிதிக்காமல் வாழ்க்கையைக் கடத்த முடியாது. நிக்காஹ் அழைப்பிதழ் அங்கேதான். மத்ரஸா விழா மலர் அங்கேதான். ஜனாஸா அறிவித்தலும் அங்கேதான். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடசாலைகளின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் அங்கேதான் உருப்பெறுகின்றன. ஆசிரியன் என்ற முறையில், கையெழுத்துப் பிரதிகளைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கு மூன்று முறை அவ்வாசலில் நிற்பவன் நான்.

2023ஆம் ஆண்டிலே ஒரு தவணைப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அங்கே சென்றேன். அச்சக உரிமையாளர் முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன நானா, உடம்புக்குச் சுகமில்லையா?” என்றேன்.

“உடம்புக்கு ஒன்றுமில்லை சேர். பெரிய கணினி மூச்சு விடவில்லை” என்றார்.

மூன்று பாடசாலைகளின் வினாத்தாள்கள் அப்பெட்டிக்குள் இருந்தன. முந்திய ஆறு ஆண்டுகளின் கணக்குகளும், ஊரார் மலர்களும், பாதி முடிந்த ஒரு திருமண அழைப்பிதழுங்கூட அதற்குள்ளேதான்.

தொலைபேசியில் ஒரு வாரம்

நான்கு கணினிகளையும் 2017ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரே பற்றுச்சீட்டில் அவர் வாங்கியிருந்தார். உலகெங்கும் கிளை பரப்பிய ஒரு தாபனத்தின் தயாரிப்பு அவை. மூன்றாண்டு உத்தரவாதம் முடிந்ததும், வீட்டுக்காரருக்கு வேறு, வியாபாரிகளுக்கு வேறு என்று அத்தாபனம் வகுத்திருந்த பராமரிப்பு ஒப்பந்தத்தில், அதிகப் பணம் கட்டி வியாபாரிகளுக்குரியதை எடுத்துக்கொண்டார். ‘அடுத்த வேலைநாளில் ஆள் வருவார்’ என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அவ்வொரு வரிக்காகவே அவர் ஆண்டுதோறும் பணம் கட்டினார் எனலாம்.

தொலைபேசியில் அழைத்தார். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று என்று ஒரு குரல் கூறிற்று. இரண்டை அழுத்தினார். வந்தவர் தமிழறியாதவர். ஒருவாறு விளங்கப்படுத்தியதும் ஒரு முறைப்பாட்டு எண் கிடைத்தது. மறுநாள் ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் மீண்டும் அழைத்தார். முதல் நாள் சொன்னதை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. நான்காம் நாள் ஒருவர், “அந்த மாதிரி நிறுத்தப்பட்டுவிட்டது, பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், நாள் சொல்ல இயலாது” என்றார்.

அன்று பிற்பகல் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. அதே தாபனத்தின் விற்பனைப் பகுதியிலிருந்து ஒருவர் தாமாகவே அழைத்தார். சுத்தமான தமிழிற் பேசினார். அச்சகத்தின் பெயர் தெரிந்திருந்தது. கணினிகள் நான்கு என்பதும், அவை வாங்கப்பட்ட மாதமும் தெரிந்திருந்தன. “பழையனவற்றை மாற்றிப் புதியன எடுத்தால் விலையிற் சலுகை உண்டு, மூன்று நாளிற் கொண்டுவந்து பொருத்தித் தருவோம்” என்றார்.

திருத்துவதற்கு ஆள் இல்லாத ஊருக்கு விற்பதற்கு மட்டும் மூன்று நாளில் ஆள் வர முடிகிறது. பழுது சொன்னபோது யாரென்று தெரியாதவர், பணம் பெறும் வேளையில் உறவினராகி விடுகிறார். நண்பர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் கசப்பே இக்கட்டுரைக்கு விதை.

முடிவில் கைகொடுத்தவர் புத்தளம் நகரிலே ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் இளைஞர். அவர் வந்து பெட்டியைத் திறந்து பத்து நிமிடத்தில் நோயைச் சொன்னார். களப்புக்கு அப்பால் நுரைச்சோலையில் 900 மெகாவோட் அனல் மின்னிலையம் நின்றும், 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. போவதும் வருவதுமாயிருந்த அந்த மின்சாரத்தால் நலிந்திருந்த பவர் சப்ளை இப்போது செத்துவிட்டது. அவ்வளவுதான். நகரத்துக் கடையில் எளிதிற் கிடைக்கும் பொருள் அது. ஆனால் அக்கடைச் சரக்கு இக்கணினியிற் பொருந்தவில்லை. செருகியின் வடிவத்தை அத்தாபனம் தனக்கென்று வேறாக அமைத்திருந்தது. இளைஞர் ஒரு மாற்றுக் கம்பியை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, இரண்டு நாளிற் கணினியை எழுப்பினார். வினாத்தாள்கள் பரீட்சைக்கு முதல்நாள் இரவு அச்சாகி முடிந்தன. தாபனத்தின் முறைப்பாட்டு எண் இன்றும் நண்பரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே கிடக்கிறது.

அத்தாபனத்தின் பெயரை நான் கூறப்போவதில்லை. ஒரு பெயரை ஏசித் தீர்ப்பதால் நோய் தீராது. நோயின் மூலத்தையே நாம் அறிய வேண்டும்.

வாடகைக் காலத்து மரியாதை

கணினி வியாபாரத்தின் இளமைக் காலத்தை நோக்கின், நிலைமை வேறாக இருந்தமை புலப்படும். ஐ.பி.எம். என்னும் அமெரிக்கத் தாபனம் 1950களின் நடுப்பகுதி வரை தன் பெரிய இயந்திரங்களை விற்கவில்லை. மாத வாடகைக்கே விட்டது. பராமரிப்பும் அவ்வாடகையுள் அடங்கும். இயந்திரம் தாபனத்தின் சொத்து. அது நின்றுபோனால் அவமானமும் தாபனத்துக்கே. மனம் வெறுத்த வாடிக்கையாளன் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆகவே ஒவ்வொரு மாதமும் அவனது திருப்தியைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் தாபனத்துக்கு இருந்தது. பழுதுபார்க்கும் பொறியியலாளர் அக்காலத்தில் விரைந்து வந்தது நற்பண்பினால் மட்டுமன்று. நலன் இரு பக்கமும் ஒன்றாயிருந்தமையினாலுமாம்.

எனினும் அம்முறையிலே வேறொரு தளை இருந்தது. இயந்திரத்தைத் தொடும் உரிமை வேறெவருக்கும் இல்லை. வாடிக்கையாளன் என்றென்றும் வாடகைக் குடியானவனே. அமெரிக்க அரசு 1952இல் இத்தாபனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. 1956 ஜனவரியில் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுத் தீர்ப்புக்கு இணங்கின. அதன்படி ஐ.பி.எம். தன் இயந்திரங்களை வாடகைக்கு மட்டுமன்றி விலைக்கும் கொடுக்க வேண்டும். வாங்கியவருக்கு உதிரிப்பாகம் வழங்க வேண்டும். வெளியாரான திருத்துநர்களுக்கும் பாகங்களும் தொழில்நுட்ப விளக்கங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் நன்று. விற்பனை என்று ஒன்று தொடங்கிய அன்றே, விற்றபின் நேரக்கூடிய புறக்கணிப்பை அத்தீர்ப்பு முன்கூட்டியே கண்டுவிட்டது. வாடகையிலே தாபனத்தின் கண் இன்றைய வாடிக்கையாளன் மேல் இருக்கும். விற்பனையிலோ அக்கண் நாளைய வாடிக்கையாளன் மேற் பாய்ந்துவிடும். அதனாலேயே பாகமும் அறிவும் விற்றவரின் பூட்டுக்குள் மாத்திரம் கிடத்தலாகாது என்ற நியதி, கணினி யுகத்தின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டது. மாடிப்படிக்குக் கீழே அமர்ந்திருக்கும் புத்தளத்து இளைஞருக்குரிய நீதி அது. ஆனால் அந்நீதி அவரை வந்தடையவில்லை.

தாபனம் போனபின் யார் காப்பார்?

பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவிலே இக்கேள்வி ஒரு நாடளாவிய கேள்வியாக எழுந்தது. ஐ.பி.எம். அங்கேயும் இயந்திரங்களை வாடகைக்கு விட்டிருந்தது. 1959இல் அறிமுகமாகி 1971இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட 1401 என்னும் மாதிரியின் பழைய இயந்திரங்கள், மேனாடுகளிற் பாவித்துக் கழிக்கப்பட்டபின் இந்தியாவிலே புதுக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. மேனாட்டார் கழித்ததை எமக்கு ஏன் இவ்வளவு வாடகைக்குத் தருகின்றீர் என்ற முணுமுணுப்பு நாளடைவிற் பாராளுமன்றம் வரை எட்டியது.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் தமது இந்தியப் பங்குடைமையை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டுமென்றது. ஜனதா ஆட்சியிலே ஜோர்ஜ் பெர்னாண்டஸ் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது இச்சட்டம் இறுகிற்று. முழு உடைமையை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. தாபனம் கப்பலேறியது, இயந்திரங்களோ ஆலைகளிலும் அலுவலகங்களிலும் நின்றன. சம்பளப் பட்டியலும் கணக்கும் அவற்றுக்குள் இருந்தன.

அந்நிலையிற் கைகொடுத்தது கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். பெயரே அதன் பணியைச் சொல்லும்: கணினிப் பராமரிப்புக் கழகம். இந்திய அரசு 1975இலேயே அதை நிறுவியிருந்தது. ஐ.பி.எம். விட்டுச்சென்ற இயந்திரங்களை அது ஏற்றுக்கொண்டது. அத்தாபனத்தில் வேலை பார்த்த பொறியியலாளர் பலர் அதிற் சேர்ந்தனர். பிற வெளிநாட்டுக் கம்பெனிகளின் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பும் பின்னர் அதனிடம் வந்தது. நாடெங்குமுள்ள பல நூறு நிலையங்கள் இருண்டுபோகாமல் அது காத்தது என்று கூறின் மிகையாகாது.

இதைவிடச் சுவையானது பின்கதை. பிறர் செய்த இயந்திரத்தைத் திருத்தித் திருத்தியே அக்கழகத்தார் இயந்திரத்தின் உள்ளத்தை அறிந்தனர். 1986இல் டில்லியிலே இரயில் ஆசனப் பதிவைக் கணினி வழிக்குக் கொண்டுவந்த முறையை உருவாக்கியவர்கள் அவர்களே. திருத்துபவன் கையில் வளர்ந்த அறிவு, ஆக்குபவன் கைக்கு ஏறிய வரலாறு அது. அக்கழகம் 2001இல் டாட்டா குழுமத்தின் வசமாகி, 2015இல் டாட்டா கன்சல்டன்சியோடு இணைந்தது. ஐ.பி.எம். 1992இல் அதே டாட்டாவின் கைகோத்து இந்தியாவுக்கு மீண்டது. காலம் செய்யும் கூத்து இதுவன்றோ!

முப்பதாண்டு உறவின் முடிவு

தாபனம் நாட்டை விட்டுப் போனால் வாடிக்கையாளன் அனாதையாவது இயல்பு என்று சிலர் கூறலாம். தாபனம் தன் இடத்திலேயே இருக்க, வாடிக்கையாளன் அனாதையான கதையும் உண்டு.

ஹியூலற் பக்கார்ட் தாபனம் 1972இல் 3000 என்ற கணினி வரிசையை வெளியிட்டது. உற்பத்திச் சாலைகள், காப்புறுதிக் கம்பெனிகள், கல்வி நிலையங்கள் முதலியன அதனை நம்பித் தம் அன்றாட வேலையை ஒப்படைத்தன. நெடுங்காலம் நின்றுபோகாமல் உழைக்கும் இயந்திரம் என்று அது பெயரெடுத்தது. 2001 நவம்பரில், இனி அதைச் செய்வதில்லை, 2003இல் விற்பனையும் 2006 முடிவில் உதவியும் நிற்கும், வாடிக்கையாளர் தமது வேறு கணினிகளுக்கு மாறுக என்று தாபனம் அறிவித்தது.

மாறுக என்பது மூன்றெழுத்துக் கட்டளை போல எளிதாக ஒலிக்கும். ஆனால் இருபது முப்பது ஆண்டுகளாக அக்கணினிக்கென்றே எழுதி வளர்த்த நிரல்களை என்செய்வது? அவற்றை எழுதியோருட் பலர் ஓய்வுபெற்றிருப்பர். அவற்றை வேறிடத்தில் மீண்டும் எழுதுவதற்கு ஆகும் செலவோ இயந்திரத்தின் விலையிலும் பன்மடங்கு. பயனாளர் ஒன்றுகூடி, “நீங்கள் காக்காவிடினும் அதன் மூலநிரலை எங்களிடம் விடுங்கள், நாங்கள் காத்துக்கொள்கிறோம்” என்று கோரினர். தாபனம் உதவிக் காலத்தை 2008 வரையும், பின்னர் 2010 வரையும் நீட்டியது. அந்நீட்சி எதைக் காட்டுகிறது? முதலிற் குறித்த நாள் இயற்கை விதித்த எல்லையன்று. கணக்குப் பார்த்து இட்ட எல்லையே என்பதைக் காட்டுகிறது.

கனமூலை நண்பரின் நிலையும் அளவிற் சிறிதே ஒழிய வகையில் இதுவேயாம். “புதியது வாங்குங்கள்” என்றவருக்கு அவர் ஏன் உடனே இசையவில்லை? அவருடைய பழைய வேலை அனைத்தும் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் இருக்கின்றது. இலங்கைத் தமிழ் அச்சகங்கள் பலவற்றின் நிலை இதுவே. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதன்பின் அதற்குப் புதுப் பதிப்பு இல்லை. பாமினியில் அடித்த பக்கத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், நம் தமிழ் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தோன்றும். விற்பவர் கண்ணுக்குப் பெட்டி பழையது. நண்பரின் கண்ணுக்கோ அதற்குள் இருப்பது ஊரின் ஏடு.

இயலாமையா, விருப்பமின்மையா?

எழுதப்பட வேண்டிய மறுபக்கமும் உண்டு. எந்தத் தாபனமும் தான் செய்த எல்லா மாதிரிக்கும் ஊழிக்காலம் வரை பாகம் வைத்திருக்க இயலாது. சிப்புகளைச் செய்யும் ஆலையே மாறிவிடுகிறது. பழையதை அறிந்த பொறியியலாளர் குறைகின்றனர். இவற்றை மறுப்பது நேர்மையன்று.

ஆயினும் இயலாமை வேறு, விருப்பமின்மை வேறு. மைக்ரோசொப்ற் தாபனம் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான உதவியை 2014 ஏப்ரலில் நிறுத்தியது. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவிப் பிரித்தானிய மருத்துவமனைகளையும் முடக்கியபோது, கைவிட்ட அந்த எக்ஸ்.பி.க்கும் அத்தாபனம் ஒரு காப்பு நிரலை வெளியிட்டது. அதனை வரவேற்போம், ஆனால் மனம் இருந்தபோது வழியும் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

விண்டோஸ் 10க்கான பொது உதவி 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. அடுத்ததான விண்டோஸ் 11, இன்ரெல் கணினிகளிற் பெரும்பாலும் எட்டாந் தலைமுறைச் செயலிக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. 2017இன் முற்பகுதியில் நல்ல விலைக்கு வாங்கப்பட்ட கணினி, உடலிற் குறையில்லாதிருந்தும், எட்டு ஆண்டில் ‘முதியோர்’ பட்டியலில் ஏறிவிட்டது. பாதுகாப்பு வேண்டும் வியாபாரத் தாபனங்கள் முதலாண்டில் கணினி ஒன்றுக்கு 61 டொலர் செலுத்தலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் அத்தொகை இரட்டித்துச் செல்லும். மூன்றாண்டோடு அதுவும் முடியும். டொலர் இல்லாமல் 2022இல் இறக்குமதிகளையே கட்டுப்படுத்திய நாட்டிலே, ஒரு சிற்றூர் அச்சகத்துக்கு இக்கணக்கு எத்தகையது என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

உலகம் உறங்கிவிடவில்லை. பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதைப் பிரான்ஸ் 2015இற் குற்றமாக்கியது. திருத்திக்கொள்ளும் உரிமைக்கென இந்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையவாசலைத் திறந்தது. பழுதுபார்த்தலை ஊக்குவிக்கும் பொதுச் சட்டமொன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றியது. 1956இல் ஒரு தாபனத்துக்கு விதித்த நியதியை, ஏறக்குறைய எழுபது ஆண்டுக்குப் பின் உலகம் மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கற்பிட்டிப் பக்கத்து மணல் நிலத்திலே வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் விவசாயி, கிணற்றுக்கு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கும்போது விலையை முதலிற் கேட்பதில்லை. “பாகம் எங்கே கிடைக்கும்? இதைத் திருத்தத் தெரிந்தவர் யார்?” என்றே கேட்பான். இயந்திரம் நாலு நாள் நின்றால் பயிர் கருகும் என்பது அவனுக்குத் தெரியும். கல்வியறிவு பெற்ற நாமோ, கணினி வாங்கும்போது அதன் வேகத்தையும் நினைவகத்தையும் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அப்படி வாங்குவோர் இருக்கும்வரை, விற்பனைப் பகுதியை வளர்த்துத் திருத்தப் பகுதியைத் தேயவிடும் தாபனத்தை மட்டும் நோவதிற் பயனென்ன?

பாடசாலை அதிபர்களும் அச்சக உரிமையாளரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் தனித்தனியே வாங்காமல் சேர்ந்து வாங்கலாம். நான்கு கணினிக்காரன் குரல் கொழும்பிற் கேட்காது. நாற்பது கணினிக்காரர் குரல் கேட்கும். பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதையும், சொன்ன நாளில் ஆள் வராவிடின் தாபனம் கொடுக்கும் ஈடு என்ன என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுவிக்கலாம். பழைய பாமினிப் பக்கங்களை யூனிகோட்டுக்கு மாற்றி, வேறு வன்தட்டிலும் ஒரு பிரதி வைப்பது ஒரு விடுமுறை வேலையாக நம் மாணவர்க்கே தரத்தக்கது. பொதுவான பாகங்கள் பொருந்தும் கணினியைத் தேர்வதும், அதைத் திறந்து பார்க்கும் அறிவை ஊரிலே இரண்டு பேருக்கேனும் ஊட்டுவதும் எல்லாவற்றிலும் முதன்மையானவை. இந்தியாவிலே ஒரு கழகம் செய்த வேலையை, ஓர் ஊர் தன் அளவிற் செய்தல் அரிதன்று.

சென்ற தவணையும் வினாத்தாள்களோடு அவ்வாசலுக்குச் சென்றேன். நான்கு கணினிகளும் உழைத்துக்கொண்டிருந்தன. புத்தளத்து இளைஞர் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் வந்து, கனமூலைப் பிள்ளைகள் மூவருக்குப் பெட்டியைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொடுக்கிறாராம். உரிமையாளர் மேசைக்கண்ணாடியின் கீழுள்ள முறைப்பாட்டு எண்ணைச் சுட்டிக்காட்டினார்.

“இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் நானா?” என்று கேட்டேன்.

“அடுத்த கணினி வாங்கக் கொழும்புக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போவேன் சேர். விலை பேசுவதற்கு முன்னால், இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள் என்பேன்” என்றார்.